புகார்தாரர்: பெருங்கொக்கு

போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, புகார்ப் பதிவேட்டில் எழுதிக்கொண்டே கேட்கிறார் அவர்: "ஃபியூஸ் தான்மா போயிருக்கும். ஆள் அனுப்பறேன், அரை மணி நேரத்துல வந்துடுவாங்க. அது இருக்கட்டும், உங்க வீட்டுப் பின்னாடி குட்டையில நாமக்கோழி வந்துடுச்சா?"

புதிதாகக் குடிவந்தவர்களாக இருந்தால் "எந்தக் கோழி?" என்று கேட்பார்கள். பழகியவர்களாக இருந்தால், "இருங்க, எட்டிப் பார்த்துட்டு வந்து சொல்றேன்" என்று போனை அப்படியே வைத்துவிட்டுப் போவார்கள். இவர் பேனாவை மூடாமல் காத்திருப்பார். வரிசையில் இன்னும் நாலு பேர் கரண்ட் இல்லையென்று கூப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். "நெத்தியில வெள்ளையா இருக்கறது தானே? ஏழு இருக்கு" என்று பதில் வரும். முகம் மலர்ந்து, "ஏழா! நல்லா இருப்பீங்க" என்பார்.

வயது ஐம்பத்து நான்கு. கடைசியாகக் கம்பத்தில் ஏறி ஐந்து வருடம் ஆகிறது என்றாலும் இன்றைக்கும் எல்லோருக்கும் அவர் லைன்மேன்தான். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தின் முன்னறையில், ஜன்னலை ஒட்டிய மேஜையில் அவருக்கு இடம். வேலை, புகார் கேட்பது; கேட்டதை எழுதுவது; துணைமின் நிலையத்துக்கும் களத்தில் இருக்கும் ஆட்களுக்கும் தகவல் சொல்வது. மேஜையில் இரண்டு போன், ஒரு தடித்த பதிவேடு, ஒரு பழைய பைனாகுலர். பைனாகுலரின் வார் அறுந்து, அந்த இடத்தில் அலுமினியக் கம்பி சுற்றியிருக்கும். அந்த முடிச்சைப் பார்த்தாலே தெரியும், கட்டியவர் எந்தத் துறைக்காரர் என்று.

அலுவலகத்துக்கு வெளியே புல்வெளி. மேடும் பள்ளமுமாகப் பார்வைக்கு எட்டிய தூரம் வரை மரமே இல்லாத புல். நடுவில் தாழ்வான இடத்தில் தண்ணீரும் கோரையும் சேறுமாகச் சதுப்பு. காலை எட்டு மணி வரை மூடுபனி அதன் மேல் படுத்துக் கிடக்கும். வெயில் வந்து தட்டி எழுப்பினால்தான் எழுந்து போகும். அந்தச் சதுப்பின் குறுக்கே, இந்த மேட்டிலிருந்து எதிர் மேட்டுக்கு, உயரழுத்தக் கம்பிகள் போகின்றன. ஆவணங்களில் அதற்கு மூன்றாம் ஃபீடர் என்று பெயர். முப்பத்தொரு கம்பம். ஒவ்வொன்றையும் அவர் கட்டித் தழுவி ஏறியிருக்கிறார்.

வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு இரண்டு கிலோமீட்டர், சதுப்பின் ஓரமாகவே நடந்து வருவார். இடது கால் வலது காலைவிட ஒன்றரை அங்குலம் குட்டை. முட்டி முழுதாக மடங்காது. நடக்கும்போது பரவாயில்லை, நின்றால்தான் இடுப்பு சாய்ந்து பைனாகுலர் ஒரு பக்கம் இழுக்கும். அதனால் பாதை நெடுக, தான் நிற்கிற பதினோரு இடங்களில் தட்டையான கல் ஒன்றைக் கொண்டுவந்து போட்டிருக்கிறார். குட்டைக் காலை அதன்மேல் வைத்தால் மனிதர் நேராகிவிடுவார். ஆடு மேய்ப்பவர்கள் அந்தக் கற்களை எடுத்து அடுப்புக் கூட்டுவதில்லை. "அது லைன்மேன் கல்லு, அப்படியே கெடக்கட்டும்" என்று விட்டுவிடுவார்கள். அவருடைய மனைவி மட்டும் அவரை நெட்டைக்காலி என்று கூப்பிடுவார். புல்வெளியில் ஓடித்திரியும் ஒரு சின்னப் பறவையின் பெயர் அது. "ஒத்தக் கால் மட்டும் நெட்டைக்காலி" என்று திருத்தமும் சொல்வார்.

பறவைகளைப் பற்றி எழுதிவைக்க அவரிடம் தனியாக ஒரு நோட்டு இருக்கிறது. முப்பது வருடம் வாரியத்தின் படிவங்களையே எழுதிய கை என்பதால் அதற்கு வேறு விதமாக எழுத வராது.

"காலை 6.50. இடம்: பன்னிரண்டாம் கம்பம். புகார்: ஆள்காட்டி இரண்டு, தலைக்கு மேல் வட்டமிட்டுக் கத்தல். காரணம்: புல்லில் முட்டை. எடுத்த நடவடிக்கை: சம்பந்தப்பட்ட ஆள் அப்புறப்படுத்தப்பட்டார். (நான்தான்.)"

"மாலை 5.15. இடம்: பால் பண்ணைக் குட்டை. முக்குளிப்பான் ஒன்று மூழ்கியது. எங்கே எழும்பியது என்று தெரியவில்லை. நடவடிக்கை: நிலுவையில்."

மறுநாள் காலையில் அந்த முக்குளிப்பானைக் கண்டுபிடித்துவிட்டு, நிலுவைக்கு எதிரே 'தீர்வு' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டிருக்கிறார்.

தகவல் சொன்னவர்களை அவர் மறப்பதே இல்லை. மறுநாள் கூப்பிடுவார். "நேத்து நீங்க சொன்னது பூனைப்பருந்து தான்மா. இந்த வருஷத்துல முதல் தடவ. உங்களால தான் எனக்குத் தெரிஞ்சது, ரொம்ப நன்றி." மின்வாரியத்திலிருந்து நன்றி சொல்லி போன் வந்ததில் ஆடிப்போனவர்கள் உண்டு. இப்படி நன்றி சொல்லிச் சொல்லியே இந்த மேட்டு நிலம் முழுவதும் ஒரு நூறு கண்களைச் சம்பாதித்து வைத்திருக்கிறார். சும்மா இருந்தவர்கள் ஜன்னலைத் திறந்து பார்க்கப் பழகிவிட்டார்கள். தபால்காரர் வண்டியை நிறுத்திவிட்டு வானம்பாடி எவ்வளவு உயரம் போகிறது என்று அண்ணாந்து பார்க்கிறார்.

"எதுக்குங்க இவ்ளோ நன்றி?" என்று கேட்டால் அவரிடம் ஒரே பதில்தான். "எனக்கு இதெல்லாம் கொசுறுங்க. காய் வாங்கி முடிச்சப்புறம் கையில ரெண்டு கறிவேப்பிலை திணிப்பாங்களே, அது மாதிரி. கொசுறுக்கு நன்றி சொல்லாம வேற எதுக்குச் சொல்றது?"

இந்தக் கொசுறு அவருக்குக் கிடைக்க ஆரம்பித்தது ஒரு மதியம், மழை இறங்குவதற்குச் சற்று முன்பு.

பத்தொன்பதாம் கம்பத்தில் கம்பியைத் தாங்கும் பீங்கான் ஒன்று விரிசல் விட்டிருந்தது. அந்தக் கம்பம் சதுப்பின் விளிம்பிலேயே நிற்கிறது. துணைமின் நிலையத்துக்குப் போன் செய்து லைன் கிளியர் வாங்கினார். ஆள் ஏறப் போகிறான், நான் கரண்டை நிறுத்திவிட்டேன், நீ சொல்லும் வரை கொடுக்கமாட்டேன் என்று ஆபரேட்டர் தரும் வாக்குக்குத்தான் அந்தப் பெயர். வாக்கு வாங்கினாலும், ஏறுவதற்கு முன் கம்பியில் ஒரு எர்த் ராடை மாட்டி, மண்ணோடு இணைத்துவிட வேண்டும். யார் எங்கே தவறினாலும் அது காப்பாற்றும். அன்றைக்கு வானம் கறுத்துக்கொண்டு வந்தது. "ரெண்டு நிமிஷ வேலை" என்று எர்த் ராடை மாட்டாமலே ஏறிவிட்டார்.

அதே நேரத்தில் இரண்டாம் ஃபீடரில் வேலை பார்த்தவர்கள் தங்கள் வேலை முடிந்தது என்று சொல்லக் கூப்பிட்டார்கள். துணைமின் நிலையத்தில் ஆபரேட்டர் ஒற்றை ஆள். நாலு போன் ஒரே சமயத்தில் அடித்துக்கொண்டிருந்தது. காதில் விழுந்தது இரண்டு; கை போனது மூன்றாம் ஃபீடரின் சுவிட்சுக்கு.

இடுப்புப் பட்டையை ஒரு பக்கம் கழற்றி மறுபக்கம் மாட்டுகிற நேரத்தில் லைன்மேனின் புறங்கை கம்பியை உரசியது. அடித்த அடியில் முப்பது அடி உயரத்திலிருந்து கீழே வந்தார். இடது கால் கம்பத்தின் அடிக்கல்லில் மோதியது. மீதி உடம்பு முழுவதும் சேற்றில்.

"நாலு அடி தள்ளி விழுந்திருந்தா பாறை. இன்னைக்கு நான் சுவத்துல போட்டோவா தொங்கிட்டு இருப்பேன்" என்பார். "சேறு தாங்கிடுச்சு. தாங்கினதோட விடல, இடுப்பு வரைக்கும் புடிச்சு வச்சுக்கிச்சு, ஓடிடுவான்னு நெனச்சுதோ என்னவோ."

கூட வந்தவர் வண்டியைக் கொண்டுவர மேட்டுக்கு ஓடிவிட்டார். இருபது நிமிடம் தனியாகக் கிடந்தார். வலி எங்கே என்று கூடத் தெரியவில்லை; கண்கள் சொருகிக்கொண்டு வந்தன. அப்போது இரண்டு கை தூரத்தில் ஓர் உள்ளான் வந்து நின்றது. சேற்றின் நிறத்திலேயே உடம்பு, உடம்பில் பாதி நீளத்துக்கு அலகு. அதை அப்படியே சேற்றில் இறக்கி, ஏற்றி, இறக்கி, ஏற்றி, ஒரு தையல் மிஷின் ஓடுவது மாதிரி அவர் முகத்துக்கு எதிரே தைத்துக்கொண்டு போயிற்று.

"என்னப் பார்த்துச்சு. ஆளுன்னு மதிக்கவே இல்ல. சேத்துல கெடக்கற கட்டைன்னு நெனச்சுடுச்சு. நானும் அது எங்க குத்துது, எங்க எடுக்குதுன்னு பார்த்துக்கிட்டே கெடந்தேன். கண்ண மூடல. அந்த நேரத்துல மூடியிருந்தா அவ்ளோதான்னு டாக்டரம்மா அப்புறமா சொன்னாங்க. பேரு கூடத் தெரியாதுங்க எனக்கு அப்ப. முப்பது வருஷமா கம்பத்து மேல நின்னிருக்கேன். கீழ இப்படி ஒருத்தன் குடித்தனம் பண்றது தெரியாமலே."

எட்டு மாதம் படுக்கை. அவர் மனைவி பால் குளிரூட்டும் நிலையத்தில் பால் பரிசோதிப்பவர். கொழுப்பு எவ்வளவு, தண்ணீர் எவ்வளவு என்று பார்த்துப் பார்த்து மனிதர்களையும் அப்படியே எடைபோடுகிறவர். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே கட்டிலைச் சுவரோரமிருந்து இழுத்து, சதுப்பைப் பார்த்த ஜன்னலுக்கு நேராகப் போட்டார். "மேல பார்த்துக்கிட்டே கெடந்தா கிறுக்குப் பிடிச்சிடும். வெளியப் பாரு. என்னென்ன வருதுன்னு சாயங்காலம் எனக்குச் சொல்லணும்" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். லைன்மேன் அதைப் பரிசோதனை அறிக்கை மாதிரியே தினமும் ஒப்பித்தார். நகராட்சி நூலகத்திலிருந்து பறவைப் படங்கள் உள்ள புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்ததும் மனைவிதான். முதல் பக்கத்திலிருந்து தேடாமல் நேராக உள்ளானைத் தேடினார். படத்தைப் பார்த்ததும் அந்தப் பெரிய உடம்பு குலுங்கிக் குலுங்கி அழுதது. மனைவி ஒன்றும் கேட்காமல் பக்கத்தை ஈரமாகாமல் நகர்த்தி வைத்தார்.

இனி ஆபரேட்டர்.

லைன்மேனும் அவரும் ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். ஒருவரை ஒருவர் 'பங்காளி' என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள். சொந்தமில்லை, பழக்கம்தான். விபத்துக்குப் பிறகு ஆபரேட்டரைத் தற்காலிக நீக்கம் செய்து விசாரணை வைத்தார்கள். அதிகாரிகள் கட்டிலருகே வந்து லைன்மேனிடம் வாக்குமூலம் கேட்டபோது, அவர் சொன்னது இரண்டே வரி: "எர்த் ராடு மாட்டாம ஏறினது என் தப்பு. அவரு தப்ப அவரு சொல்லுவாரு." ஆபரேட்டரும் தன் தவறை ஒன்றுவிடாமல் சொல்லிவிட்டிருந்தார். தண்டனை முடிந்து ஒரு வருடத்தில் மறுபடி அதே நாற்காலிக்கு வந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அவர் வரவே இல்லை. மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு தோல் பை. வந்தவரை லைன்மேனின் மனைவி உட்காரச் சொல்லவில்லை. அவரும் உட்காரவில்லை. கட்டில் மேல் பையை வைத்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார், வரவில்லை, போய்விட்டார். பைக்குள் பைனாகுலர். "பேச வாயில்லாத மனுஷன், பார்க்கக் கண்ணக் குடுத்துட்டுப் போறார்" என்றார் மனைவி. அவர் குரலில் கோபம்தான் இருந்தது. ஆனாலும் பைனாகுலரைத் துடைத்து ஜன்னலோரம் வைத்தது அவர்தான்.

இருவரும் வேலைக்குத் திரும்பியதும் ஒரு வேடிக்கை நேர்ந்தது. புகார் மேஜைக்காரர் ஒரு நாளைக்கு இருபது தடவை துணைமின் நிலையத்தோடு பேசியாக வேண்டும். நேருக்கு நேர் நிற்க முடியாத இருவரை, நாள் முழுக்கப் போனில் பேச வைத்துவிட்டது அலுவலகம். ஆபரேட்டர் அலுவல் மொழியில் மட்டும் பேசுவார். எதைச் சொன்னாலும் மூன்று தடவை திருப்பிச் சொல்லிக் கேட்பார். "மூன்றாம் ஃபீடர் நிறுத்தம். மூணு. ரெண்டு இல்ல, மூணு." லைன் கிளியர் கொடுத்துவிட்டால் அந்த சுவிட்சைப் பூட்டி, சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் மாட்டிக்கொள்வார், ஆட்கள் இறங்கும் வரை தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகமாட்டார் என்று அங்கே வேலை பார்ப்பவர்கள் சொல்வார்கள். லைன்மேன் விடாமல், ஒவ்வொரு பேச்சின் கடைசியிலும் ஒரு பறவையைச் சேர்ப்பார். "...பதினொரு மணிக்குள்ள முடிஞ்சுடும். பங்காளி, இன்னைக்குத் தகைவிலான் கூட்டம் கம்பி நெடுக உட்கார்ந்திருக்கு, இடமே இல்ல." மறுமுனையில், "சரி." அவ்வளவுதான். போன் வைக்கப்படும். நாலு வருடம் இப்படியே போயிற்று. நாலு வருடமும் லைன்மேன் பறவை சொல்வதை நிறுத்தவில்லை.

சென்ற வருடம் குளிர் தொடங்கிய நாட்களில், ஒரு காலை, கடைசிக் கம்பத்து அம்மா கூப்பிட்டார். மூன்றாம் ஃபீடரின் முப்பத்தோராம் கம்பம் நிற்பது அவர் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால். லைன்மேனின் நூறு கண்களில் அவர் கண்ணும் ஒன்று.

"கரண்ட் இல்லையாம்மா?"

"கரண்ட் எல்லாம் இருக்கு. உங்க கம்பிக்குக் கீழ ரெண்டு பெரிய பறவை கெடக்கு. ஒண்ணு அசையுது. சீக்கிரம் வாங்க."

அவர் போனபோது மூடுபனி இன்னும் விலகவில்லை. பெருங்கொக்குகள். ஒவ்வொரு குளிருக்கும் எங்கிருந்தோ வந்து இந்தச் சதுப்பில் தங்கிப் போகிறவை; நின்றால் ஆள் மார்பு உயரம். பனியில் கம்பி கண்ணுக்குத் தெரியாமல் முழு வேகத்தில் மோதியிருக்கின்றன. ஒன்று கழுத்து ஒடிந்து கிடந்தது. மற்றொன்று சிறகு முறிந்து, எழுந்து நிற்பதும் சாய்வதுமாக இருந்தது. கால்நடை மருத்துவர் வந்து கட்டுப் போட்டார். மூன்றாம் நாள் அதுவும் போய்விட்டது. அந்தக் கம்பியை லைன்மேன்தான் இழுத்துக் கட்டியிருந்தார், இருபத்தெட்டு வயதில், நல்ல விறைப்பாக. பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

இரண்டாவதும் செத்த அன்று, அலுவலகத்துக்கு வந்து நேராக மேஜையில் உட்கார்ந்தார். பறவை நோட்டை எடுக்கவில்லை. வாரியத்தின் பதிவேட்டைத் திறந்தார். பக்கங்களிலும் வரிகளிலும் எண் அச்சிட்ட பதிவேடு. எழுதியதை அடிக்கவோ கிழிக்கவோ முடியாது. எழுதினார்:

"புகார் எண் 417. புகார்தாரர்: பெருங்கொக்கு. முகவரி: சதுப்பு. குறை: மூடுபனியில் கம்பி தெரியவில்லை. இருவர் மரணம். நடவடிக்கை:"

அந்த இடத்தைக் காலியாக விட்டார்.

மாலையில் இன்ஜினியர் மேடம் பதிவேட்டைப் பார்க்கும் வழக்கம். வந்து அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது; கறார். உள்ளே கூப்பிட்டார்.

"என்ன இது?"

"புகார் மேடம்."

"யார் குடுத்தது?"

"புகார்தாரருக்குப் பேச வராது மேடம். நான் கேட்டு எழுதினேன்."

"விளையாடறீங்களா? இத எப்படி நான் மேல அனுப்பறது?"

"அனுப்பாம இருக்க முடியாது மேடம். எண் விழுந்துடுச்சு. தீர்வு எழுதாத புகார மாசக் கடைசியில மேல அனுப்பியே ஆகணும்னு விதி." பிறகு, குரலைத் தாழ்த்தி, "நான் விழுந்தப்போ அந்தச் சேறு என்னத் தாங்கிச்சு மேடம். அங்க குடியிருக்கறவங்களுக்காக நான் கேக்கற ஒரே காரியம் இது" என்றார்.

மேடம் பதிவேட்டையும் அவர் காலையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு காலியிடத்தில், தன் கையாலேயே, "நியாயமான புகார். மேல் நடவடிக்கைக்குப் பரிந்துரைக்கப்படுகிறது" என்று எழுதினார். லைன்மேன் எழுந்து நின்று கும்பிடப் போக, "முதல்ல உட்காருங்க, கால் வலிக்கும்" என்று அதட்டினார். மாதாமாதம் அந்தக் கோப்பைப் பற்றி மேலிடத்துக்கு நினைவூட்டு எழுதி, நேரில் போயும் நச்சரித்தது அந்தக் கறார் மேடம்தான். லைன்மேன் இன்றைக்கும் இதை யாரிடம் சொன்னாலும், தன் பங்கைச் சுருக்கி, மேடம் பங்கை நீட்டித்தான் சொல்வார்.

பதினோரு மாதம் கழித்து லாரியில் நூற்று அறுபது வில்லைகள் வந்து இறங்கின. தட்டு அகலம், ஒரு பக்கம் ஆரஞ்சு, மறுபக்கம் வெள்ளை, காற்றில் சுழலும். கம்பியில் முப்பது அடிக்கு ஒன்றாக மாட்டினால் பனியிலும் பறவைக்குக் கம்பி தெரியும். கொக்குகள் வர இன்னும் மூன்று வாரம். பத்து மணியிலிருந்து இரண்டு மணி வரை மூன்றாம் ஃபீடரை நிறுத்த அனுமதி கிடைத்தது.

அதற்கு முந்தைய நாள் துணைமின் நிலையத்திலிருந்து தகவல்: ஆபரேட்டர் நாளைக்கு விடுப்பு. புது ஆள் வருவார். லைன்மேன் உடனே கூப்பிட்டார்.

"என்ன பங்காளி, லீவாமே?"

"ஆமா."

"உடம்பு சரியில்லையா?"

பிறகு, இத்தனை வருடத்தில் முதல் தடவையாக, அலுவல் மொழி உடைந்தது. "மூணாவது ஃபீடர். அதே சதுப்பு. அதே பத்தொம்பதாம் கம்பம். என் கையால வேணாம் பங்காளி. என்னால முடியாது."

"உன் கையால தான் வேணும்."

"புதுப் பையன் நல்லாப் பார்ப்பான்."

"பார்ப்பான். ஆனா அவன் ஒரு தடவ சொல்லிட்டு வச்சுடுவான். மூணு தடவ திருப்பிக் கேக்கற ஆளு இந்த ஜில்லாவுலயே நீ ஒருத்தன் தான். நாளைக்கு மூணு பேர மேல ஏத்தறேன். மூணு பேருக்கும் வீட்டுல குழந்தைங்க இருக்கு. அந்தச் சாவி உன் கழுத்துல கெடந்தா தான் நான் கீழ நிம்மதியா நிப்பேன்."

"சரி" என்று போன் வைக்கப்பட்டது. வழக்கமான அதே சரிதான். ஆனால் வேறு மாதிரி இருந்தது என்கிறார் லைன்மேன்.

மறுநாள் பத்து மணிக்கு லைன் கிளியர் வந்தது. மூன்று தடவை. லைன்மேன் தானே எர்த் ராடை மாட்டி, இழுத்துப் பார்த்து, இன்னொரு முறை இழுத்துப் பார்த்த பிறகே ஆட்களை ஏற்றினார். கம்பத்துக்குக் கம்பம் கீழே நொண்டிக்கொண்டே கூட நடந்தார். மேலே இருப்பவர்களுக்குக் கழுத்து வலி, இவருக்குத் தொண்டை வலி, அவ்வளவு சத்தம். ஒன்றே முக்காலுக்கு நூற்று அறுபதாவது வில்லையும் ஏறிவிட்டது.

"பங்காளி, வேலை முடிஞ்சுது. ஆள் எல்லாம் எறங்கியாச்சு. மூணு பேரு. மூணு பேரும் என் கண்ணு முன்னாடி நிக்கறாங்க. எர்த் எடுத்தாச்சு. மூணாவது ஃபீடர் குடுக்கலாம்."

"மூணாவது ஃபீடர். மூணு பேரு எறங்கியாச்சு. எர்த் எடுத்தாச்சு." இன்னொரு முறை. மூன்றாம் முறை. பிறகு, கொஞ்சம் தயங்கி, "நீயும் கீழ தான இருக்க?"

"நான் எங்கடா மேல போவேன், இந்தக் கால வச்சுக்கிட்டு?"

போனுக்குள் ஒரு சத்தம். இருமலோ என்று நினைத்தார் லைன்மேன். சிரிப்பு.

கொக்குகள் சொன்ன நேரத்துக்கு நாலு நாள் பிந்தி வந்தன. செய்தி கேட்ட மறுநாள் காலை, பணி முடித்த ஆபரேட்டர் வீட்டுக்குப் போகாமல் சதுப்புக்கு வந்தார். கட்டுப்பாட்டு அறையைத் தவிர வேறெங்கும் அவரைப் பார்த்தவர்கள் குறைவு. தேய்த்த கால்சட்டை, பளபளக்கும் ஷூ. அதோடு இடுப்புயரப் புல்லைக் கிழித்துக்கொண்டு வந்து பத்தொன்பதாம் கம்பத்தடியில் நின்றார். லைன்மேன் பிளாஸ்கைத் திறந்தார். இரண்டு டம்ளர் இருந்தன. "என் வீட்டுக்காரி வழக்கமா ஒண்ணு தான் வைப்பா. இன்னைக்கு ரெண்டு வச்சிருக்கா. யாருக்குன்னு நான் கேக்கல, அவளும் சொல்லல." ஆபரேட்டர் டீயை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

பனி கம்பம் உயரத்துக்கு நின்றது. வில்லைகள் மட்டும் ஆரஞ்சும் வெள்ளையுமாக மங்கலாகச் சுழன்றன.

"எந்தப் பக்கமிருந்து வரும்?"

"பேசாத. காதக் குடு."

முதலில் குரல்தான் வந்தது. பனிக்குள்ளிருந்து யாரோ கொம்பு ஊதுவது போல. பிறகு சாம்பல் நிறத்தில் ஒன்று, நீட்டிய கழுத்தோடு நேராகக் கம்பியை நோக்கி. வில்லைகளுக்கு இருபது அடி முன்னால் அது சட்டென்று தலையைத் தூக்கியது; சிறகை இரண்டு அடி அடித்து, ஏறி, தாண்டிப் போயிற்று. பின்னால் வந்தவையும் அப்படியே ஏறின. லைன்மேனின் உதடுகள் எண்ணிக்கொண்டிருந்தன. கடைசியாக, கூட்டத்தைவிட்டுப் பிந்திய ஒரு குஞ்சு, கழுத்தில் இன்னும் பழுப்பு மாறாதது, தாழ வந்தது. ஏறவில்லை. இன்னும் ஏறவில்லை. ஆபரேட்டரின் கை லைன்மேனின் தோளை இறுக்கிப் பிடித்தது. கம்பிக்கு முன்னால், கால்கள் தொங்க, ஒரு முக்கு முக்கி மேலே எழும்பி, ஒரு முழ உயரத்தில் தாண்டியது. அது எழுப்பிய காற்றில் இரண்டு வில்லைகள் விர்ரென்று சுற்றின.

சத்தம் சதுப்புக்குள் இறங்கி அடங்கியது. ஆபரேட்டர் தோளிலிருந்து கையை எடுக்கவில்லை.

"அந்த சுவிட்சப் போட்டப்போ கேட்ட சத்தம்..." என்று தொடங்கினார். "அஞ்சு வருஷமா பங்காளி, படுத்தா கேக்குது, எழுந்தா கேக்குது. உங்கிட்ட வந்து ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை..."

"முப்பத்தி நாலு" என்றார் லைன்மேன். "எல்லாம் தாண்டிடுச்சு."

பிறகு மடங்காத காலை முன்னால் நீட்டிக்கொண்டு, கையை ஊன்றி மெதுவாக ஈரப் புல்லில் உட்கார்ந்தார். பங்காளியின் கால்சட்டையில் பாதத்திலிருந்து முழங்கால் வரை ஒட்டுப்புல் அப்பியிருந்தது. அவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட ஆரம்பித்தார். ஒரு கால் முடிந்ததும், மறு காலைத் திருப்பச் சொல்லி முழங்காலில் லேசாகத் தட்டினார்.